முந்திச் சிரிக்கிறவர்

கஸ்பர்: இந்த ஒரு பக்கத்துக்குள்ள "நினைக்கிறேன்" எண்டு எத்தினை தரம் போட்டிருக்கிறியள், பிள்ளை?

மயூரா: கூடவோ, அங்கிள்?

கஸ்பர்: கூட. ஒருத்தன் பாடியிருக்கிறான், நீங்கள் கேட்டிருக்கிறியள். நல்லதெண்டால் நல்லது, கூடாதெண்டால் கூடாது. எழுதிவிடுறதுக்கென்ன?

மயூரா: வகுப்பில டீச்சரும் அதைத்தான் சொல்லுறா. எழுதி முடிச்சாப்பிறகு எனக்கு எல்லாம் பிழை மாதிரிக் கிடக்கும். அதால முன்னெச்சரிக்கையா...

கஸ்பர்: என்ன வகுப்பெண்டனீங்கள்?

மயூரா: மோர்டன்ல, செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில. இசை விமர்சனம் எழுதப் பழக்கிறது. ஒரு பாடகரைத் தெரிஞ்செடுத்து, அவற்ற முதல் மூண்டு அல்பத்தையும் ஒண்டொண்டாக் கேட்டு எழுதோணும். நான் கார்மெலோ திரிஸ்காவை எடுத்தனான்.

கஸ்பர்: லண்டன்ல இருந்துகொண்டு திரிஸ்காவையோ... சிசிலியிலயே அந்த ஆளை இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை.

மயூரா: அதுதான் உங்களிட்ட வந்தனான். நீங்கள் பலெர்மோவில கனகாலம் இருந்தனீங்களாம். அவற்ற பகடி எனக்குப் பாதிதான் விளங்குது.

கஸ்பர்: நீங்கள் உங்கட கலியாணக் கார்ட் புரூப் பாக்கவெல்லோ வந்தனீங்கள்?

மயூரா: அதுக்கும்தான்.

கஸ்பர்: அப்ப முதல் அதைப் பாப்பம். சரியெண்டு சொன்னால் நான் இண்டைக்கே மெசினுக்கு விட்டிடுவன்.

மயூரா: முதல் இதை வாசிக்கிறன், கேளுங்கோ. புரூப் ஓடிப்போகாது.

கஸ்பர்: உது தமிழில கிடக்கு. வெள்ளைக்கார டீச்சர் தமிழ் வாசிப்பாவோ?

மயூரா: முதல் தமிழில எழுதித்தான் பிறகு மாத்திறனான். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டோணும்.

கஸ்பர்: அம்மாவுக்கு உந்தப் பாட்டுகள் பிடிக்குமோ?

மயூரா: முதலாவது அல்பம் அம்மாவிட்டக் கசெட்டா இருந்தது. நான் பிறக்கிற காலத்தில வந்த கசெட். வாசிக்கட்டோ?

கஸ்பர்: ம். வாசியுங்கோ.

மயூரா: "முதல் அல்பத்தின் பெயர் 'மேயரின் பல்'. ஒரு கிற்றார், ஓர் அக்கார்டியன், ஒரு சின்னக் கூட்டம். நகரசபைத் தலைவர் தனக்குத் தானே சிலை வைக்கிறார். சிலையின் வாயில் தங்கப்பல் வைக்கிறார்கள். அன்றிரவே அந்தப் பல்லைக் களவெடுப்பவர், காலையில் சிலையை ஆசீர்வதித்த பாதிரியார். திரிஸ்கா குரலை உயர்த்துவதேயில்லை. வங்கி வரிசையில் நிற்பவர் பக்கத்து ஆளிடம் முறைப்பாடு சொல்வதுபோலப் பாடுகிறார். அதனால்தான் பகடி கடிக்கிறது என்று நினைக்கிறேன்."

கஸ்பர்: கடைசிச் சொல்லை வெட்டுங்கோ. மற்றது சரி. வங்கி வரிசை... சரியாப் பிடிச்சிருக்கிறியள். கதைக்கேக்கையும் அந்தக் குரல்தான்.

மயூரா: அவரோட கதைச்சிருக்கிறியளோ?

கஸ்பர்: ரேடியோவில பேட்டி போகும்.

மயூரா: "இரண்டாவது அல்பம் 'ஆறு பேருக்கு ஒரு பால்கனி'. வீட்டுக்காரி ஒருத்தி தன் பால்கனியை ஆறு வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறாள். மழை பெய்தால் வாடகை கூட, ஏனென்றால் குளிப்பதற்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதாம். நிலவு வந்தால் மின்சாரக் கட்டணம்..."

கஸ்பர்: அது எங்களை வைச்சுப் பாடினது. அவவின்ர பேரைக்கூட மாத்தேல்லை.

மயூரா: அந்த ஆறு பேரில நீங்களும் ஒராளோ?

கஸ்பர்: பலெர்மோவுக்கு வந்த தமிழன் எல்லாரும் ஏதோ ஒரு பால்கனியில படுத்தவன்தான். மேல வாசியுங்கோ.

மயூரா: அடுத்த பந்தியிலதான் எனக்குச் சந்தேகம். சிரிக்கக்கூடாது.

கஸ்பர்: சிரிக்கேல்லை.

மயூரா: "இந்த அல்பங்களின் விசித்திரம் பாட்டில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. பகடி வந்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருவர் மட்டும் பகடி வருவதற்கு ஒரு மூச்சு முந்திச் சிரித்துவிடுகிறார். பாடகர் வாயைத் திறந்திருப்பார், சொல் இன்னும் வெளியே வந்திராது. அதற்குள் அவர் தொடங்கிவிடுவார். சிரிப்பின் முடிவில் ஒரு சின்ன விக்கல். பலமுறை கேட்டபின், நான் பகடிக்காகக் காத்திருக்கவில்லை, அவருக்காகவே காத்திருக்கிறேன் என்பது விளங்கியது. என் அறையில் தனியே இருந்து கேட்டபோது, அந்த மனிதர் பாட்டைக் கேட்டல்ல, எனக்கு இனி நடக்கப்போவதைத் தெரிந்துகொண்டு சிரிப்பதுபோல இருந்தது." ...மிகைப்படுத்திப்போட்டனோ?

கஸ்பர்: கதவைச் சாத்திவிடுங்கோ, பிள்ளை. குளிர் வருது.

மயூரா: சாத்தித்தான் கிடக்கு, அங்கிள்.

கஸ்பர்: ...ஓமோ.

மயூரா: உங்கட கொம்பியூட்டரில ஒருக்காப் போடுவமோ? பென் டிரைவ் கொண்டுவந்தனான். அந்தப் பால்கனிப் பாட்டு.

கஸ்பர்: ஸ்பீக்கர் சரியில்லை.

மயூரா: நான் உள்ள வரேக்க பக்திப்பாட்டுப் போய்க்கொண்டிருந்ததே.

கஸ்பர்: சரி, போடுங்கோ. ஒரு பாட்டு. மெசின் வேலை கிடக்கு.

மயூரா: இதிலதான்... கொஞ்சம் பொறுங்கோ. வீட்டுக்காரி நிலவைக் காட்டி... இந்தா. கேட்டுதோ?

கஸ்பர்: கேட்டுது.

மயூரா: அங்கிள்.

கஸ்பர்: என்ன?

மயூரா: அந்தச் சிரிப்பு வாறதுக்கு முதல் நீங்கள் மூச்சை இழுத்தனீங்கள். எத்தினையோ தரம் கேட்ட எனக்கே அது எந்த இடத்தில வருமெண்டு இன்னும் பிடிபடேல்லை.

கஸ்பர்: எனக்கு இழுப்பு இருக்கு. குளிருக்கு.

மயூரா: அடுத்த சிரிப்புக்கும் இழுத்தனீங்கள்.

கஸ்பர்: ...நிப்பாட்டுங்கோ அதை. சொல்லுறன். உங்கட விமர்சனத்துக்கு உதவும். அங்க கூட்டம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை.

மயூரா: விளங்கேல்லை.

கஸ்பர்: அது ஒரு பழைய மீன் குடோன். சுவரில மெத்தை அடிச்சுப் பாட்டுப் பதிஞ்சது. திரிஸ்காவை அப்ப ஆருக்கும் தெரியாது. பகடிப் பாட்டெண்டால் சிரிக்க ஆக்கள் வேணும், சிசிலிக்காரன் சும்மா வந்து சிரிப்பானோ? தமிழ்ப் பெடியளைக் கூட்டிக்கொண்டு போவான். முடியப் பாஸ்தா தருவான்.

மயூரா: தமிழ் ஆக்களோ இதில சிரிக்கிறது?

கஸ்பர்: முழுக்க. ஒருத்தருக்கும் ஒரு சொல்லு விளங்காது. அவன்ர மனிசி கண்ணாடிக்கு அங்கால நிண்டு முகம் துடைக்கிற சிவப்புத் துவாயைத் தூக்குவா. தூக்கினால் சிரிக்கோணும். இறக்கினால் நிப்பாட்டோணும். பால்கனியில கிடந்த எங்களைப் பகடி பண்ணிப் பாடினான், நாங்களே இருந்து சிரிச்சம்.

மயூரா: நான் இதில "கூட்டத்தின் கூர்மையான ரசனை" எண்டு எழுதி வைச்சிருக்கிறன்.

கஸ்பர்: அதை வெட்டாதையுங்கோ. நல்ல பகடி.

மயூரா: அப்ப... முந்திச் சிரிக்கிறவர்?

கஸ்பர்: அவர் துவாயைப் பாக்கிறேல்லை. அவவின்ர தோளைப் பாப்பார். துவாயைத் தூக்க முதல் தோள் அசையும்தானே, அதோட சிரிச்சுப்போடுவார். முதல் நாள் திரிஸ்கா பாட்டை நிப்பாட்டிப்போட்டு நேர அவரிட்ட வந்தவன். அடிக்கப்போறான் எண்டு நாங்கள் எழும்பிட்டம். கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவன். பகடியை வர முதலே அறியிற ஒராளைத்தான் இவ்வளவு நாளும் தேடினனான் எண்டானாம். பிறகு ஒருத்தர் எங்களுக்கு விளங்கப்படுத்தினது.

மயூரா: அவற்ற பேர் என்ன, அங்கிள்?

கஸ்பர்: பழைய கதை. ஆர் ஆரோ வந்தவை, போனவை...

மயூரா: சரி. இப்ப புரூப்பைப் பாப்பம்.

கஸ்பர்: அதுதான் நல்லது. இந்தாங்கோ. தங்க எழுத்து இதைவிடக் கொஞ்சம் மினுங்கும், இது சும்மா கடதாசி.

மயூரா: பொம்பிளை பக்கம். "சட்டன், லண்டனைச் சேர்ந்த..." அடுத்த வரியை வாசியுங்கோ.

கஸ்பர்: நீங்கள் அனுப்பினதுதானே.

மயூரா: நான் அனுப்பினது "ஸ்ரீஸ்கந்தராஜா – நகுலேஸ்வரி தம்பதியரின் ஏக புதல்வி". நீங்கள் அடிச்சிருக்கிறது? வாசியுங்கோ, அங்கிள்.

கஸ்பர்: "காலஞ்சென்ற ஸ்ரீஸ்கந்தராஜா"... கைப்பழக்கம், பிள்ளை. எத்தினை கார்ட் அடிக்கிறன். பாதியில காலஞ்சென்ற வருகுது, விரல் தன்ரபாட்டில போடுது. ஒரு நிமிசம், எடுத்துவிடுறன்.

மயூரா: மாப்பிள்ளை யனுஷன்ர பக்கத்தில ஒண்டும் மாறேல்லை. கோயில், மண்டபம், ஒண்டும் மாறேல்லை. ஒரேயொரு இடத்திலதான் விரல் பழகியிருக்கு.

கஸ்பர்: அதுதான் புரூப் காட்டுறது. பிழை பிடிக்க.

மயூரா: இது பிழையோ? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ. எங்கட வீட்டில ஒருத்தரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நான் வயித்தில இருக்கேக்க அப்பா இத்தாலிக்குப் போனவர். நாங்கள் கொழும்பில, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில இருந்தனாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில அங்க ரெலிபோன் கோல் எடுப்பார். பிறகு கோல் நிண்டிட்டுது. செத்தார் எண்டு ஒரு துண்டும் வரேல்லை. இருக்கிறார் எண்டும் வரேல்லை. ஆரையோ வைச்சுக்கொண்டு எங்களை விட்டிட்டார் எண்டு சொந்தக்காரர் கதைப்பினம். அம்மா இண்டைக்கும் பொட்டு வைக்கிறா.

கஸ்பர்: தண்ணி குடிக்கிறீங்களோ?

மயூரா: வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம், தகப்பன் உயிரோடயோ, மணவறையில ஆர் தாரை வாக்கிறது எண்டு. நான் என்ன சொல்லுறது? விட்டிட்டுப் போனவரெண்டால் அவற்ற பேரே கார்ட்டில வேண்டாம், அம்மான்ர பேர் மட்டும் போடுறன். செத்தவரெண்டால்... முப்பது வருசமா ஒரு செத்த ஆளோட நான் கோவமா இருந்திருக்கிறன். அதுதான் எனக்குத் தெரியோணும். உங்கட விரலுக்குத் தெரிஞ்சதை நீங்கள் வாயால சொல்லுங்கோ.

கஸ்பர்: முந்திச் சிரிக்கிறவர்...

மயூரா: ஓம்?

கஸ்பர்: அவர்தான். சிறி அண்ணை எண்டு கூப்பிடுவம். உங்கட அப்பா.

மயூரா: அது எனக்குத் தெரியும். அந்தக் கசெட்டை அனுப்பேக்க, இதில என்ர சிரிப்புக் கிடக்கு எண்டு எழுதி அனுப்பினவர். எனக்கு மிச்சத்தைச் சொல்லுங்கோ.

கஸ்பர்: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நேரமும் வங்கி வரிசை எண்டு வாசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?

மயூரா: நேர கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ?

கஸ்பர்: ...இல்லை. இருங்கோ அந்தக் கதிரையில. தொண்ணூற்றேழு, மாசி கடைசியில அவருக்குக் காய்ச்சல். நெஞ்சுக்குள்ள இறங்கிட்டுது. அவரிட்ட ஒரு கடதாசியும் இல்லை, ஆசுப்பத்திரிக்குப் போகப் பயம். எனக்கு விசா அட்டை இருந்தது. அதைக் குடுத்துவிட்டம். அப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது. ஒரு அட்டையில மூண்டு பேர் பல்லுக் கட்டியிருக்கிறம்.

மயூரா: முகம் பாக்க மாட்டினமோ?

கஸ்பர்: எங்கட முகத்தை அங்க ஆர் பிரிச்சுப் பாக்கிறது? கஸ்பர் எண்டு கூப்பிட்டினம், ஓம் எண்டு போய்ப் படுத்தார். பங்குனி பிறக்க, கஸ்பர் செத்துப்போனார். உண்மையைச் சொல்லப்போனால் என்னைப் பிடிப்பினம், மற்றப் பெடியளையும் பிடிப்பினம். அப்பிடியே விட்டிட்டம். பலெர்மோவில ஒரு கல்லு நிக்குது. பேர் கஸ்பர், பிறந்த திகதி என்ர திகதி. நான் போய் மெழுகுதிரி கொளுத்தினனான். என்ர பேரைப் பாத்துக்கொண்டு நிண்டு, ஆருக்காக மன்றாடுறது எண்டு விளங்கேல்லை.

மயூரா: பிறகு நீங்கள்?

கஸ்பர்: செத்தவனுக்கு ஆர் வேலை குடுப்பான்? சிறி எண்டு சொல்லித் திரிஞ்சன். ஆளைக் கேட்டால் ஸ்ரீஸ்கந்தராஜா, ஊரைக் கேட்டால் அவற்ற ஊர். லண்டனுக்கு வந்துதான் திருப்பி கஸ்பர் ஆனன். இப்பவும் சிலநேரம் ஆரும் கஸ்பர் எண்டு கூப்பிட்டால் ஒரு நிமிசம் யோசிப்பன், போகலாமோ எண்டு.

மயூரா: ஒண்டு இடிக்குது, அங்கிள். மூண்டாவது அல்பம். "விருந்தாளிகள் எழும்பவேண்டாம்". அது தொண்ணூற்றேழு மார்கழியில பதிஞ்சதெண்டு உறையில போட்டிருக்கு. அதிலையும் அவர் சிரிக்கிறார்.

கஸ்பர்: அது நான்.

மயூரா: நீங்களோ?

கஸ்பர்: திரிஸ்கா தேடி வந்தவன், முந்திச் சிரிக்கிற சிறி எங்க எண்டு. சிறி நான்தானே அப்ப. சிரிச்சுக் காட்டு எண்டான். சிரிச்சன். அந்த விக்கலோட. வித்தியாசம் தெரியேல்லை அவனுக்கு.

மயூரா: அவ்வளவு லேசா வருமோ ஒராளின்ர சிரிப்பு?

கஸ்பர்: பக்கத்துப் பாயில படுத்த ஆள். ஒட்டும். எனக்கு அதுக்கு முதலே... பழகியிருந்தது.

மயூரா: ஏன் பழகினனீங்கள்?

கஸ்பர்: சும்மா.

மயூரா: அப்ப கோல்? நான் நேர்சரிக்குப் போன முதல் நாள் அப்பாவோட கதைச்சனான். தொண்ணூற்றெட்டில. டீச்சருக்கு மீசை இருக்கு எண்டு சொன்னன். நான் சொல்லி முடிக்க முதலே சிரிச்சவர். விக்கினவர். எனக்கு அவரைப் பற்றி ஞாபகம் இருக்கிறது அது ஒண்டுதான்.

கஸ்பர்: சின்ன வயசு, பிள்ளை. வருசம் மாறியிருக்கும்.

மயூரா: வருசம் மாறேல்லை.

கஸ்பர்: அந்தக் காலத்து லைன்... கடல் இரைச்சல்தான் கூடக் கேக்கும். நீங்கள் மூண்டாவதைப் போடுங்கோ. எதெதில நான் எண்டு ஒண்டொண்டாச் சொல்லுறன், அப்ப நம்புவியள்.

மயூரா: போடுறன். முதலாவது பாட்டு.

கஸ்பர்: இதில நான். ...இந்தா. என்ர விக்கல் கொஞ்சம் வறட்சி.

மயூரா: ரெண்டாவது.

கஸ்பர்: நான்.

மயூரா: மூண்டாவது.

கஸ்பர்: அதிலையும் நான்தான். அதோட சரி.

மயூரா: நாலாவது?

கஸ்பர்: நாலாவதில ஒருத்தரும் இல்லை.

மயூரா: நான் எழுதினதை வாசிக்கிறன். "நாலாவது பாட்டில், செத்த ஒருவன் தன் மரணத்தைப் பதிவதற்காக நகரசபைக்கு வருகிறான். எழுதுவினைஞர் கோப்பைப் பார்த்துவிட்டு, கடதாசிப்படி நீ உயிரோடு இருக்கிறாய், தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டுப் பிறகு வந்து செத்துப்போ என்கிறார்."

கஸ்பர்: தெரியும். எனக்கு அப்ப கொஞ்சம் இத்தாலி மொழி பிடிபட்டிருந்தது. ரெண்டாவது அடி விளங்கினவுடன எழும்பி வெளியில போட்டன். மற்றப் பெடியளும் அண்டைக்கு வரேல்லை, நான் தனிய. இந்தப் பாட்டுக்குச் சிரிப்பு வேண்டாம் எண்டு திரிஸ்காவே சொன்னவன். துவாய் எழும்பவேயில்லை.

மயூரா: இதில சிரிப்பு இருக்கு, அங்கிள்.

கஸ்பர்: இருக்காது.

மயூரா: நீங்கள் இந்த அல்பத்தைக் கேட்டதேயில்லையோ?

கஸ்பர்: பதிஞ்சதோட சரி. செத்தவன்ர சிரிப்பை விலைக்கு வாங்கியும் கேக்கோணுமோ?

மயூரா: போடுறன்.

கஸ்பர்: வேண்டாம், பிள்ளை.

மயூரா: கொஞ்ச நேரம்தான். ...இப்ப எழுதுவினைஞர் கேக்கிறார், உன்ர பேரென்ன எண்டு.

கஸ்பர்: விளங்குது.

மயூரா: செத்தவன் பேரைச் சொல்ல வாயைத் திறக்கிறான்...

கஸ்பர்: நிப்பாட்டுங்கோ.

மயூரா: கேட்டுதோ? ஒரு மூச்சு முந்தி.

கஸ்பர்: நிப்பாட்டுங்கோ எண்டுறன்.

மயூரா: நிப்பாட்டிட்டன். இருங்கோ, அங்கிள்.

கஸ்பர்: விக்கலும் கேட்டுதே.

மயூரா: விக்கலுக்கு முதலே நான் நிப்பாட்டிட்டன். பழைய ரேப்பில இருந்து வெட்டி ஒட்டியிருப்பினம். அப்பிடி நடக்கிறதுதானே. நான் அப்பிடித்தான் எழுத இருந்தனான், "ஒட்டப்பட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்" எண்டு.

கஸ்பர்: ஓம். ஒட்டியிருப்பினம். ...அந்த இடத்தில போய் ஆர் ஒட்டினது?

மயூரா: ஆரோ வருகினம். அம்மா.

நகுலேஸ்வரி: பத்து நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீ, பிள்ளை. பார்க்கிங் முடியப்போகுது. தண்டம் எழுதுற ஆள் ரெண்டு தரம் காரைச் சுத்திப் பாத்திட்டுப் போட்டான்.

மயூரா: அம்மா, உள்ள வாங்கோ. இவர்தான் கஸ்பர் அங்கிள்.

நகுலேஸ்வரி: தெரியும். போன வருசம் பக்கத்து வீட்டு மங்கை கார்ட் எடுக்க வரேக்க நானும் வந்தனான். கதவடியிலதான் நிண்டனான். நீங்கள் என்னைக் கண்டிருக்க மாட்டியள், தம்பி. மங்கையைப் பாத்து, "அக்கா சாப்பிட்டீங்களோ" எண்டு கேட்டனீங்கள்.

கஸ்பர்: வாற ஆக்கள் எல்லாரையும் கேக்கிறனான்... இருங்கோ, அக்கா.

நகுலேஸ்வரி: நான் நிக்கிறன். சட்டன்ல வீட்டுக்குப் பக்கத்திலயே கார்ட் அடிக்கிற கடை கிடக்கு. இஞ்சதான் போகோணும் எண்டு இவளை அனுப்பினது நான். பாட்டையும் கொண்டு போ எண்டு சொன்னதும் நான்தான். சொல்லிப்போட்டியளோ இவளுக்கு?

கஸ்பர்: அக்கா... உங்களுக்கும் நான் ஒண்டு சொல்லோணும்.

நகுலேஸ்வரி: சொல்லுங்கோ.

கஸ்பர்: சிறி அண்ணை...

நகுலேஸ்வரி: முழுசாச் சொல்லுங்கோ, தம்பி. பாதியில விட்டால் அது சொன்னதாகாது.

கஸ்பர்: சிறி அண்ணை செத்திட்டார், அக்கா. தொண்ணூற்றேழு பங்குனியில. காய்ச்சல். என்ர அட்டையில ஆசுப்பத்திரிக்குப் போனவர், என்ர பேரில அடக்கம் செய்தாச்சு. உங்களை விட்டிட்டு அவர் எங்கயும் போகேல்லை. மூண்டாவது அல்பத்தில அவரை மாதிரிச் சிரிச்சது நான்.

நகுலேஸ்வரி: ம்.

மயூரா: அம்மா, இருங்கோவன்.

நகுலேஸ்வரி: பங்குனி எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பங்குனியிலதான் கோல் மாறினது.

கஸ்பர்: அக்கா...

நகுலேஸ்வரி: அவர் என்னை ஒருநாளும் சாப்பிட்டனீயோ எண்டு கேட்டதில்லை. நல்ல மனிசன்தான், அது அவற்ற வாயில வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் வருகுது, எடுக்கிறன், "சாப்பிட்டனீங்களோ" எண்டு கேக்கிறார் அவர். பிறகு அவசரமாச் சிரிக்கிறார். நல்லாப் பழகித்தான் எடுத்திருந்தியள்.

மயூரா: அப்ப நேர்சரி... மீசை டீச்சர்...

நகுலேஸ்வரி: இவர்தான், பிள்ளை.

கஸ்பர்: தெரிஞ்சுகொண்டோ ரெண்டு வருசமா என்னோட கதைச்சனீங்கள்?

நகுலேஸ்வரி: நீங்கள் ஆரெண்டு கேட்டால் அண்டைக்கே அவர் செத்துப்போயிடுவார். பிள்ளைக்கு அப்பா எண்டு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. எனக்கும்தான். ரெண்டு வருசம் நீங்களும் நிப்பாட்டேல்லை, நானும் போனை வைக்கேல்லை.

கஸ்பர்: முதல் தரம் சொல்லத்தான் எடுத்தனான், அக்கா. உங்கட குரலைக் கேட்டவுடன...

நகுலேஸ்வரி: அதை விடுங்கோ. கார்ட்டில நீங்கள் அடிச்சபடியே இருக்கட்டும். "காலஞ்சென்ற". ஒருத்தர் வாயால வரட்டும் எண்டுதான் இருந்தனான், இண்டைக்கு வந்திட்டுது. அச்சுக்கு விடுங்கோ.

மயூரா: அம்மா, இன்னும் ஒண்டு. நாலாவது பாட்டில அங்கிள் சிரிக்கேல்லையாம். வெளியில நிண்டவராம். பழசை வெட்டி ஒட்டியிருக்கினம் போல.

கஸ்பர்: சிலவேளை நானாயும் இருக்கும், அக்கா. கனகாலம் எல்லோ, மறந்திருப்பன். நான்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

நகுலேஸ்வரி: நீங்கள் இல்லை, தம்பி. உங்கட சிரிப்பை நான் ரெண்டு வருசம் கேட்டனான், எனக்குத் தெரியும். நாலாவதில சிரிக்கிறது அவர்தான். செத்தாப்பிறகு எங்களுக்குச் சத்தம் காட்ட அவர் வேற எங்க போறது? ஞாயிற்றுக்கிழமை லைன் எப்பவும் உங்களிட்டயெல்லோ இருந்தது.